டெலினா: லிச்சியும் ரோஜாவும் நம் குமரி மாவட்டத்து ஈரக் காற்றில் எப்படி மணக்கின்றன?

சுசீந்திரம் ஆசிரியை எழுதியது:

பழ மணமும் மலர் மணமும் சேர்ந்த பெர்ஃப்யூம்களைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம், "அது மிட்டாய் வாசனை, கல்லூரி செல்லும் பெண்களுக்கானது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. பார்ஃபம்ஸ் டி மார்லி நிறுவனத்தின் டெலினாவைக் கோடை வெயிலிலும் சாரல் நாட்களிலும் அணிந்து பார்த்த பிறகு, இந்த வகையை நம் ஊர்த் தட்பவெப்பத்தில் வைத்துத் தனியாகப் பேச வேண்டும் என்று தோன்றியதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

டெலினா 2017ஆம் ஆண்டு வெளிவந்தது. உருவாக்கியவர் குவென்டின் பிஷ். மேல் மணமாக (தெளித்தவுடன் எழுவது) லிச்சி, ருபார்ப், பெர்கமோட் என்னும் எலுமிச்சை இனப் பழம் ஆகியவற்றையும், நடு மணமாக (அது அடங்கியதும் வருவது) துருக்கி ரோஜாவையும் பியோனி என்னும் பூவையும், அடி மணமாக (கடைசிவரை மிஞ்சுவது) வெனிலா, காஷ்மெரான் என்னும் செயற்கை மணப்பொருள், கஸ்தூரி போன்றவற்றையும் குறிப்பிடுகிறார்கள். ருபார்ப் என்பது குளிர்நாடுகளில் விளையும், சிவந்த தண்டுடைய ஒரு செடி. அந்தத் தண்டு நன்றாகப் புளிக்கும். தெளித்தவுடன் மூக்கில் ஏறுவது அந்தப் புளிப்புதான். அதனால்தான் இதை இனிப்பு என்று முதலிலேயே ஒதுக்கிவிட முடிவதில்லை. புளிப்பு சற்றே அடங்கியதும் லிச்சி வருகிறது. லிச்சி நம் தோட்டத்துப் பழம் அல்ல, ஆனாலும் பழைய வீட்டுப் புரையிடங்களில் இன்னும் நிற்கும் பன்னீர்ச் சாம்பையைக் கடித்தவர்களுக்கு அந்த மணம் அந்நியமாக இருக்காது. கடித்த வாயில் பன்னீர் தெளித்தது போன்ற அந்தச் சுவைதான் டெலினாவின் முதற்பகுதியை எனக்குப் புரிய வைத்தது.

வடநாட்டவரும் ஐரோப்பியரும் எழுதிய விமர்சனங்களில், பழப் பகுதி நெடுநேரம் நின்று மெதுவாக ரோஜாவுக்கு வழிவிடுவதாகப் படித்திருந்தேன். நம் ஊரில் அப்படி நிகழவில்லை. மேல் மணத்துக்குப் பயன்படும் மூலக்கூறுகள் எடை குறைந்தவை, விரைவில் ஆவியாகக்கூடியவை. தோல் சூடாக இருந்தால் அவை இன்னும் விரைவாகப் பறந்துவிடுகின்றன. பங்குனி, சித்திரை மாதங்களில் பள்ளிக்குப் போகும் வழியிலேயே லிச்சி கரைந்துவிடுகிறது. ரோஜாவோ அதன் பிறகு, குளிர்ந்த ஊர்க்காரர்கள் விவரிப்பதைக் காட்டிலும் அகன்று நிற்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிய பிறகு கதை மாறுகிறது. காற்றில் ஈரம் மிகுந்து, வெப்பம் தணிந்திருக்கும் நாட்களில் பழமும் பூவும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துச் சொல்லவே கடினமாக இருக்கிறது. என் கணிப்பில் இந்தப் பெர்ஃப்யூம் தன் முழு வடிவத்தைக் காட்டுவது அந்த நாட்களில்தான்.

மாலையில் மிஞ்சுவது கஸ்தூரியும் மெல்லிய வெனிலாவும். பருத்திச் சேலையின் முந்தானையில் அது மறுநாள் வரை இருக்கிறது. தோலில் அவ்வளவு நேரம் இருப்பதில்லை.

இதை அணிந்த மற்றவர்களின் அனுபவம், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் அதிக மழையில் வாழ்கிறவர்களின் அனுபவம் என்ன என்பதை அறிய விரும்புகிறேன்.

---

தோவாளைப் பூக்கட்டி எழுதியது:

ஆசிரியை அக்காவுக்கு வணக்கம். எங்கள் குடும்பம் தலைமுறையாகப் பூச்சந்தையோடு பிழைக்கும் குடும்பம். விடிவதற்கு முன்பே பிச்சியும் மல்லிகையும் சம்பங்கியும் அரளியும் கொழுந்தும் கிரேந்தியும் வந்து குவியும் இடத்தில் வளர்ந்த மூக்கு எனக்கு. அந்த மூக்கை வைத்துக்கொண்டே டெலினாவையும் அதே வகையைச் சேர்ந்த வேறு சிலவற்றையும் முகர்ந்து பார்த்தேன். நேர்மையாகச் சொல்வதானால், எனக்கு அவற்றில் பூ கிடைக்கவில்லை.

பூ என்றால் அதற்குள் ஒரு கனம் இருக்க வேண்டும். கட்டிய பிச்சிச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்து மாலையில் பிரிக்கும்போது வரும் மணத்தில் இனிமை மட்டும் இருப்பதில்லை. பச்சையும் இருக்கும், அழுகலுக்கு ஒரு படி முன்னால் நிற்கும் ஒரு நெடியும் இருக்கும். அந்த நெடி இருப்பதால்தான் அது உயிருள்ள பூ என்று தெரிகிறது. புட்டியிலிருந்து வரும் ரோஜாவில் அந்த நெடியைக் கழுவி எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பழத்தால் நிரப்பியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். பழம் இங்கே பூவின் குறையை மூடும் போர்வையாகவே எனக்குப் படுகிறது.

பன்னீர் ரோஜா எங்கள் சந்தைக்கும் வருகிறது. அதைக் கையில் வைத்துக் கசக்கினால் வரும் மணத்தில் லிச்சி எங்கே இருக்கிறது?

---

சுசீந்திரம் ஆசிரியை எழுதியது:

தம்பியின் கேள்வி மிக முக்கியமானது. சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பூவில் இருக்கும் நெடியைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. மல்லிகை இனங்களில் இண்டோல் என்னும் பொருள் இருக்கிறது. தனியாக, செறிவாக முகர்ந்தால் அது அருவருப்பாக இருக்கும்; சிறிதளவு கலந்திருக்கும்போது பூவுக்கு ஆழம் தரும். டெலினாவின் ரோஜாவில் அந்த வகைக் கனம் இல்லை என்பதை நானும் ஏற்கிறேன். அது தூய்மையான, வெளிச்சமான ரோஜா. அப்படி இருக்க வேண்டும் என்று எண்ணியே அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் பழம் ஒரு போர்வை என்பதை ஏற்க முடியவில்லை. லிச்சிப் பழத்தின் தனிமணத்துக்கு முதன்மைக் காரணங்களில் ஒன்று ரோஸ் ஆக்சைடு என்னும் மூலக்கூறு. அதே மூலக்கூறு ரோஜா எண்ணெயிலும் சிறிதளவு இருக்கிறது. ரோஜாவுக்குள் லிச்சியின் ஒரு கூறு ஏற்கெனவே இருக்கிறது. பெர்ஃப்யூம் செய்கிறவர் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறார். ரோஜா எண்ணெயில் மிகச் சிறிய அளவே இருந்தும் அதன் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் டமாசினோனும் அப்படித்தான்: அதை முகர்ந்தால் வேகவைத்த ஆப்பிளும் கொடிமுந்திரியும் நினைவுக்கு வரும். உங்கள் பிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மணத்தில் பெரும் பகுதியாக இருக்கும் பென்சைல் அசிட்டேட்டைத் தனியே முகர்ந்தவர்கள் வாழைப்பழத்தையும் பேரிக்காயையும் சொல்வார்கள். பிச்சிச் சரத்தை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து, மட்டி வாழைப்பழம் பழுத்திருக்கும் வீட்டின் மணத்தை நினைத்துக்கொண்டு முகர்ந்து பாருங்கள். நீங்கள் நாள்தோறும் கையாளும் பூவில் அந்தப் பழச்சாயல் இருப்பது தெரியவரும்.

இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. லிச்சியிலிருந்தோ பியோனியிலிருந்தோ பெர்ஃப்யூமுக்குப் பயன்படும் எண்ணெயை வணிக அளவில் வடிப்பதில்லை. இரண்டும் பிற பொருட்களைக் கோத்து எழுப்பப்படும் மணங்கள்தாம். ரோஜாவின் நிலை வேறு. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் வடிக்க 3 முதல் 4 டன் இதழ்கள் வரை தேவைப்படும். இத்தனை அருமையான பொருளோடு, மனித மூளை கட்டியெழுப்பிய ஒரு பழம் பிசிறில்லாமல் இணைகிறது என்றால், அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன்.

பழமும் பூவும் சேர்வது இந்தக் காலத்து மோகம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. கெர்லேன் நிறுவனத்தின் மிட்சூகோ 1919ஆம் ஆண்டு வந்தது. பீச் பழத்தின் மணம் தரும் காமா அண்டெகலாக்டோனை அதில் பயன்படுத்தினார்கள். நூறாண்டுக்கு மேலாகப் பலர் அணிந்து வரும் ஒரு பெர்ஃப்யூமின் நெஞ்சில் பழம் இருக்கிறது.

---

குளச்சல்காரன் எழுதியது:

அக்கா சொன்ன மழைக்கால அனுபவம் எங்களுக்கும் பொருந்தும். கடற்கரையில் காற்று என்னும் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டிற்குள் அழகாக விரியும் டெலினா, துறைமுகப் பக்கம் நடந்தால் எனக்கே கிடைப்பதில்லை. ஆனால் எதிரில் வந்த உறவினர் "என்ன மணம் இது?" என்று விசாரித்தார். அணிந்தவருக்குத் தெரியாமல், காற்று போகும் திசையில் நிற்பவருக்கே அது முழுமையாகக் கிடைக்கிறது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வேலைக்குப் போகும் நண்பர் ஒருவரும் இதையே சொன்னார். கணவாய்க் காற்றில் எந்தப் பெர்ஃப்யூமையும் "நிற்கவில்லை" என்று தீர்ப்பு வழங்குவது நியாயமாகாது என்பது என் கருத்து. அறைக்குள் அமர்ந்து, பிறரைக் கேட்டே அதை முடிவு செய்ய வேண்டும்.

---

தக்கலை மருந்தாளுநர் எழுதியது:

அணிந்தவருக்கே மணம் தெரியாமல் போவதற்குக் காற்று மட்டும் காரணம் அல்ல. ஒரே மணம் தொடர்ந்து படும்போது மூக்கு அதற்குப் பழகி, அதைக் கவனிப்பதை நிறுத்திவிடுகிறது. மேலும், சில வகைக் கஸ்தூரி மூலக்கூறுகளை ஒரு பகுதி மக்களால் பிறவியிலேயே முகர முடிவதில்லை. டெலினா போன்றவற்றின் அடி மணம் பெரிதும் இத்தகைய செயற்கைக் கஸ்தூரிகளைச் சார்ந்தது. ஆகவே "எனக்கு ஒரு மணி நேரத்தில் போய்விட்டது" என்று ஒருவரும் "எனக்கு இரவு வரை இருந்தது" என்று மற்றொருவரும் சொல்லும்போது இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். மணம் போய்விட்டது என்று நினைத்து மீண்டும் மீண்டும் தெளித்துக்கொண்டு, நெருக்கமான பேருந்தில் ஏறுவதுதான் பிரச்சினை. மார்த்தாண்டம் வரை நின்றுகொண்டே போகும் காலை வண்டியில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி வந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

தோலைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். பெட்டியின் பின்புறம் லினலூல், லிமோனின், ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடிய மணப்பொருட்களைப் பெட்டியில் குறிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 2023ஆம் ஆண்டு அந்தப் பட்டியல் மேலும் விரிவாக்கப்பட்டது. இவற்றுள் லினலூலும் லிமோனினும் காற்றோடு கலந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒவ்வாமைத் தன்மை கூடுகிறது. எனவே நெடுநாள் திறந்து, வெயில்படும் சன்னலோரத்தில் வைத்திருந்த புட்டியைத் தோலில் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருட்டான அலமாரியில், அதன் பெட்டிக்குள்ளேயே வைப்பது நல்லது. குளியலறையில் வைக்க வேண்டாம்.

பெர்கமோட் எண்ணெயில் இயல்பாக இருக்கும் பெர்காப்டென் வெயிலோடு சேர்ந்தால் தோலில் சிவப்பும் கருமையும் உண்டாக்கும். அதை நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துவதும், அளவைக் கட்டுப்படுத்துவதும் தொழிலில் நடைமுறையில் இருக்கின்றன. இருந்தாலும் உச்சி வெயிலில் கழுத்தில் நேரடியாகத் தெளிப்பதைத் தவிர்ப்பது நல்ல பழக்கம். வியர்க்குரு இருக்கும் இடத்தில் எதையும் தெளிக்க வேண்டாம். புதிதாக வாங்கினால் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஓரிரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அணியுங்கள்.

---

வடசேரி மாணவன் எழுதியது:

முழுப் புட்டி என் கைக்கு எட்டாத விலை. சிறிய கண்ணாடிக் குப்பிகளில் பிரித்து விற்கும் டீக்கேன்ட்டை நம்பி வாங்கலாமா? இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். முதல் முகர்விலேயே வெறும் ஸ்பிரிட் நெடியும் சர்க்கரைப் பாகும்தான் வந்தன. இங்கே எல்லோரும் சொல்லும் புளிப்பு அதில் துளியும் இல்லை.

---

குளச்சல்காரன் எழுதியது:

புளிப்பு இல்லையென்றால் அது ஐயத்துக்குரியதுதான், தம்பி. முழுப் புட்டியின் படத்தையும் அடியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணையும் காட்டத் தயங்காதவரிடம் மட்டும் வாங்குங்கள். இயன்றால், புட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்தே சிறிதளவு பகிர்ந்துகொள்ளுங்கள். நாகர்கோவிலில் சந்திக்க முடிந்தால் என்னிடம் இருப்பதிலிருந்து தருகிறேன்.

---

திருவிதாங்கோடு அத்தர் பிரியன் எழுதியது:

மேலே நடந்த உரையாடலை முழுவதும் படித்தேன். ஆசிரியை அவர்கள் மூலக்கூறுகளைக் கொண்டு பழத்துக்கும் பூவுக்கும் உறவு காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அத்தரைப் பூசி வளர்ந்தவன் என்ற முறையில் வேறொரு பக்கத்தைக் காட்ட விரும்புகிறேன்.

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில் மரபு முறையில் வடிக்கும் ரோஜா அத்தரில், செப்புப் பாத்திரத்தில் இதழ்களை நீரோடு சூடாக்கி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய் இருக்கும் கலத்துக்குள் இறக்குகிறார்கள். அதில் ஆல்கஹால் கிடையாது. அதனால் தெளித்தவுடன் எழும் வீச்சும் கிடையாது. தோலோடு ஒட்டி, அருகில் வருபவருக்கு மட்டும் மணக்கிறது. எங்கள் ஊரில் பெருநாள் தொழுகைக்குப் பெரியவர்கள் காதுமடலில் ஒரு சொட்டு வைப்பதே போதுமானதாக இருந்தது. நம் வெப்பத்துக்கு அந்த முறை பொருத்தமானது என்பதை இன்றும் உணர்கிறேன்.

அப்படியிருந்தும் டெலினாவில் எனக்கு ஈர்ப்பு ஏற்பட்டதற்குக் காரணம், அத்தர் தராத ஒன்றை அது தருகிறது என்பதே. அத்தர் ரோஜாவில் சந்தனத்தின் கொழுப்பும் தேனின் அடர்த்தியும் இருக்கும், வெளிச்சம் இருக்காது. ருபார்ப்பின் புளிப்பும் பெர்கமோட்டும் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவருகின்றன. புழுக்கமான மாலையில் கனமான அத்தர் மூச்சை அடைப்பது போல் இருக்கும் வேளையில், இந்தப் புளிப்பு ஆறுதலாக இருக்கிறது. ஆகவே பழத்தை இனிப்பின் கணக்கில் மட்டும் எழுதுவது தவறு. பழத்துக்குப் புளிப்பும் ஒரு குணம். நல்ல பழ மணத்தையும் மலிவான பழ மணத்தையும் பிரித்தறிய நான் முதலில் தேடுவதும் அந்தப் புளிப்பைத்தான்.

ஆண்கள் இதை அணியலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். ரோஜா எங்கள் வீட்டில் தாத்தாவின் மணமாக இருந்தது. அந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

---

தோவாளைப் பூக்கட்டி எழுதியது:

அக்கா சொன்னபடியே செய்து பார்த்தேன். பூக்கட்டும் நேரத்தில் பிச்சிமொட்டை வாழைப்பழம் என்று நினைத்துக்கொண்டு முகர்ந்தபோது அந்தச் சாயல் இருக்கத்தான் செய்கிறது. இத்தனை காலம் கையாண்ட பூவில் இதைத் தனியாகக் கவனித்ததில்லை. பழம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது அல்ல என்ற அளவில் உங்கள் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். கனம் போதவில்லை என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. எனக்குப் பிடித்த பழமலர் மணம் என்றால் அதில் ரோஜாவுக்குப் பதிலாகப் பிச்சியோ செண்பகமோ இருக்க வேண்டும். செண்பகத்தில் பழமும் இருக்கிறது, தேயிலையும் இருக்கிறது, கனமும் இருக்கிறது. பிரான்சின் கிராஸ் நகரத்துப் பெர்ஃப்யூம்களுக்குப் புகழ் சேர்த்த மல்லிகையும் எங்கள் பிச்சியும் ஒரே இனம் என்று வேளாண் அலுவலர் ஒருவர் சொல்லிக் கேட்டபோது, அதை மையமாக வைத்து நம் பக்கத்திலிருந்தே ஒரு பெர்ஃப்யூம் ஏன் வரக்கூடாது என்று தோன்றியது. அந்த ஆசை இன்னும் இருக்கிறது.

இப்போது என் கேள்வி நடைமுறை சார்ந்தது. அடுத்த மாதம் உறவில் ஒரு கல்யாணம். வீட்டுப் பெண்கள் தலை நிறையப் பிச்சி வைப்பார்கள், மண்டபத்தில் சாம்பிராணியும் இருக்கும். என் தங்கை டெலினா அணிய ஆசைப்படுகிறாள். பூவோடு இது மோதாதா?

---

சுசீந்திரம் ஆசிரியை எழுதியது:

மோதும் என்பதே என் அனுபவம். பிச்சியின் இண்டோல் டெலினாவின் தூய ரோஜாவை அமுக்கிவிடும். வெளியில் மிஞ்சுவது வெனிலாவும் கஸ்தூரியும் மட்டுமே. தலையில் புதுப்பூ இருக்கும்போது புட்டியைத் தொட வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள். அந்த வேளைக்குப் பிச்சியே போதும், அதை மிஞ்ச எதுவும் இல்லை. தாலிகட்டு முடிந்து, பூவை எடுத்துவிட்டு, மாலை வரவேற்புக்கு வேறு உடை மாற்றும்போது டெலினா அணியட்டும். குளித்து, தோலில் ஈரம் முற்றிலும் காய்வதற்கு முன் மணமில்லாத கிரீம் அல்லது சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் மணம் கூடுதல் நேரம் இருக்கும், ஏனென்றால் வறண்ட தோலில் பெர்ஃப்யூம் நிற்பதில்லை. தேங்காயெண்ணெய்க்கு அதற்கே உரிய மணம் உண்டு என்பதால் மிகக் குறைவாகவே தடவ வேண்டும். மார்பில் ஒரு தெளிப்பும், ரவிக்கையின் உட்புறப் பருத்தியில் ஒரு தெளிப்பும் போதும். பட்டில் நேரடியாகத் தெளித்தால் கறை விழும், கசவுச் சரிகையிலும் தெளிக்க வேண்டாம். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே தெளித்துவிட்டால், முதலில் எழும் வீச்சு வீட்டிலேயே அடங்கி, மண்டபத்துக்குப் போகும்போது லிச்சியும் ரோஜாவும் சமநிலையில் இருக்கும்.

பிச்சியை மையமாக வைத்த பெர்ஃப்யூம் பற்றித் தம்பி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். தமிழ்நாட்டில் விளையும் மல்லிகை வகைகளிலிருந்து ஹெக்சேன் என்னும் கரைப்பான் கொண்டு, கான்கிரீட் என்று சொல்லப்படும் மெழுகு போன்ற மணப்பிழிவை எடுத்து, அதை ஆல்கஹாலில் கழுவி அப்சல்யூட் என்னும் செறிந்த மணச்சாறாக ஆக்கி வெளிநாட்டுப் பெர்ஃப்யூம் நிறுவனங்களுக்கு அனுப்பும் தொழில் ஏற்கெனவே இருக்கிறது. மூலப்பொருளுக்கு நம்மிடம் குறைவில்லை. இதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நான் எழுதுகிறேன்.

வடசேரி மாணவனுக்கு: குளச்சல் அண்ணாச்சி தருவதாகச் சொன்னதை ஏற்றுக்கொள்ளுங்கள். வாங்கியவுடன் வெயிலில் தெளித்துப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். துலா (ஐப்பசி) மழை பெய்யும் ஒரு மாலையில் சட்டைக் கையில் தெளித்து, படிக்கும் மேசையில் அமர்ந்தபடி முகர்ந்து பாருங்கள். பழம் எங்கே முடிந்து ரோஜா எங்கே தொடங்கியது என்று உங்களுக்குப் பட்டதை இங்கே எழுதுங்கள்.